நான்கே பாட்டு, 45 நிமிடம்: ஐசக் ஹேஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’

கேள்வி இதுதான்: பழைய ரெக்கார்டு கடையில் ஒரு மொட்டைத் தலையை மேலிருந்து படம் பிடித்த அட்டையோடு ஒரு எல்.பி. தட்டு கண்ணில் பட்டது. ஐசக் ஹேஸ், ‘ஹாட் பட்டர்ட் சோல்’, 1969. புரட்டிப் பார்த்தால் மொத்தமே நான்கு பாட்டு. அதிலும் இரண்டு, வேறு ஆட்கள் பாடி ஏற்கெனவே ஊர் முழுக்கக் கேட்ட பாட்டு. இதைப் போய் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், வாங்கலாமா?

வாங்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், நான்கே பாட்டு என்று நீங்கள் குறையாகச் சொன்னீர்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது.

1969 வரைக்கும் சோல் இசை (தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஜனரஞ்சக இசை) என்றால் பாட்டுக்கு 3 நிமிடம். காரணம் கலையில்லை, வியாபாரம். 45 சுற்றில் ஓடும் 7 அங்குலச் சின்னத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஜூக்பாக்ஸில் காசு போட்டால் ஓடுவது அது, ரேடியோக்காரர்கள் போடுவதும் அது. கறுப்பின ரசிகர்கள் அந்தச் சின்னத் தட்டைத்தான் வாங்குவார்கள், 12 அங்குல எல்.பி.யெல்லாம் ராக் கேட்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஜாஸ் கேட்கும் பெரியவர்களுக்கும்தான் என்று கம்பெனிகள் முடிவு கட்டியிருந்தன. சோல் பாடகர்கள் பெயரில் எல்.பி. வராமல் இல்லை. ஹிட்டான ஒன்றிரண்டு சின்னத் தட்டுப் பாட்டுகளை வைத்து, மிச்ச இடத்தை எதையாவது போட்டு நிரப்புவார்கள். ஆரெதா ஃபிராங்க்ளின், ஓட்டிஸ் ரெடிங் மாதிரி சிலர் அதிலும் நல்ல தட்டுகள் தந்தார்கள் என்பது வேறு. ஆனால் அவர்களுடைய பாட்டுகளும் 3 நிமிடத்தை ஒட்டியேதான் நின்றன.

இந்த வழக்கத்தை உடைத்தவர் ஒரு நட்சத்திரப் பாடகர் என்றால் ஆச்சரியமில்லை. ஹேஸ் அப்போது பாடகரே இல்லை. 1942இல் டென்னஸி மாநிலத்தில் கவிங்டன் என்ற ஊரில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பருத்திக் காட்டில் வேலை செய்து, அப்புறம் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையில் கூலிக்கு நின்றவர். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது வயது 21. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியில் பியானோ, ஆர்கன் வாசிக்கும் புக்கர் டி. ஜோன்ஸ் கல்லூரிக்குப் போய்விட்டதால் அந்த இடத்தில் வாசிக்க வந்தார். டேவிட் போர்ட்டர் என்ற நண்பரோடு சேர்ந்து அடுத்தவர்களுக்குப் பாட்டு எழுதினார். சாம் அண்ட் டேவ் இருவரும் பாடிய ‘சோல் மேன்’ இவர்கள் எழுதியதுதான். 1968இல் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் போட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனியே அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரில் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய கம்பெனி அது. 1967 டிசம்பர் 10ஆம் தேதி அவர்களுடைய மிகப்பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங் போன சின்ன விமானம் விஸ்கான்சினில் ஒரு ஏரியில் விழுந்தது. ரெடிங்கோடு சேர்த்து 7 பேர் இறந்தார்கள். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்களில் பெரும்பாலோர் அதில் போய்விட்டார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். இடம் பற்றாமல் வேறு விமானத்தில் போன பேஸ் கிட்டார்காரர் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் தப்பினார்.

நான்கு மாதம் கழித்து, 1968 ஏப்ரல் 4ஆம் தேதி, துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக மெம்ஃபிஸ் வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் லொரெய்ன் மோட்டலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் ஆட்களுக்கு அது பேப்பரில் படித்த இடம் கிடையாது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக்கூடிய இடம் என்பதால் வெளியூர்ப் பாடகர்களைத் தங்கவைத்ததும், உட்கார்ந்து பாட்டு எழுதியதும் அங்கேதான். கிங் இறந்தபின் ஏறக்குறைய ஒரு வருடம் தன்னால் எதுவும் எழுத முடியவில்லை என்று ஹேஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அதே வருடம் மூன்றாவது அடி. இவர்களுடைய தட்டுகளை நாடு முழுக்க விற்றுத் தந்த அட்லாண்டிக் கம்பெனி 1967இல் கைமாறியிருந்தது, 1968இல் அவர்களோடு இருந்த உறவு முறிந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், அதுவரை அட்லாண்டிக் வழியாக விற்ற பாட்டுகளின் மூலப்பதிவுகள் அத்தனையும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்போது ஸ்டூவர்ட் அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. ஆக, கம்பெனி இருக்கிறது, சரக்கு இல்லை.

கடையில் பொருளே இல்லையென்றால் என்ன செய்வது? கம்பெனியை அப்போது நடத்திக்கொண்டிருந்த ஆல் பெல் ஒரு முடிவெடுத்தார். ஒரே மூச்சில் 27 ஆல்பம் தயாரித்து, 1969இல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சந்தையில் இறக்குவது. இருக்கும் எல்லாரும் ஆளுக்கொரு ஆல்பம் கொடுங்கள் என்றார். ஹேஸிடமும் கேட்டார். என் இஷ்டப்படி செய்ய விடுவதென்றால் செய்கிறேன் என்றார் ஹேஸ். மீதி 26 ஆல்பம் பாரத்தைச் சுமக்கும், என்னுடையது விற்காவிட்டால் என்ன என்ற நினைப்பில்தான் துணிந்து செய்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு. எண்ணிக்கைக்காகக் கேட்ட ஒரு தட்டு அந்த 27இல் எல்லாவற்றையும் விட அதிகம் விற்றது.

இப்போது தட்டுக்குள் போவோம். முதல் பக்கம் ‘வாக் ஆன் பை’. பர்ட் பாக்கராக் இசையமைத்து ஹால் டேவிட் எழுதி, 1964இல் டியோன் வார்விக் பாடியது. அவர் பாடியபோது 3 நிமிடத்துக்கும் குறைவு. ஹேஸ் அதை 12 நிமிடம் ஆக்கினார். ஊசி வைத்ததும் டிரம்ஸ் கனமாக விழும், வயலின்கள் மேலே எழும், ஒலியை வேண்டுமென்றே சிதைத்த ஃபஸ் கிட்டார் கரகரவென்று குறுக்கே வரும். சுமார் 2 நிமிடம் குரலே கிடையாது. சின்னத் தட்டில் அந்த நேரத்துக்குள் பாட்டு முடியும் தறுவாயில் இருக்கும். அப்புறம் ஆழத்திலிருந்து அந்தக் கனத்த குரல், எந்த அவசரமும் இல்லாமல். பாட்டு முடிந்தபின்னும் ஆர்கனும் கிட்டாரும் நிமிடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டே மெல்லத் தேய்ந்து போகும்.

வார்விக் பாடும்போது, தெருவில் என்னைப் பார்த்தால் நின்றுவிடாமல் போய்விடு என்று கண்ணீரை மறைத்துக்கொண்டு சொல்கிற ஒரு பெண் தெரிவாள். ஹேஸிடம் அந்த மறைப்பு இல்லை. உடைந்துபோன ஒரு ஆம்பளை நடுத்தெருவில் நிற்கிறான், ஒரு பெரிய வாத்தியக் கூட்டமே அவனுக்குப் பின்னால் நின்று அழுகிறது. எனக்கு வார்விக்கின் பாட்டும் பிடிக்கும். நாளைக்கு ஒரே ஒரு தட்டோடு என்னை எங்காவது அனுப்பினால் ஹேஸைத்தான் எடுத்துப் போவேன்.

அதே பக்கத்தில் இரண்டாவது பாட்டின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: ‘ஹைப்பர்பாலிக்சில்லபிக்செஸ்கெடாலிமிஸ்டிக்’. ஹேஸும் ஆல் பெல்லும் சேர்ந்து எழுதியது. நீளமான சொற்களை வைத்துக் கேலி பண்ணும் வரிகள். வரிகளைப் பொறுத்தவரை கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனால் பாட்டு முடிந்த இடத்தில் பேஸும் டிரம்ஸும் ஒரே தடத்தைப் பிடித்துக்கொள்ள, ஹேஸ் பியானோவில் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பியானோவுக்கு 19 வருடம் கழித்து வேறொரு வேலை வந்தது, சொல்கிறேன்.

இரண்டாம் பக்கம் தொடங்குவது ‘ஒன் உமன்’, 5 நிமிடச் சாதாரணக் காதல் பாட்டு. அழகாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு அடுத்தது ‘பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்’.

ஜிம்மி வெப் எழுதி, 1967இல் க்ளென் கேம்பல் பாடிப் பிரபலமான நாட்டுப்புற வாடைப் பாட்டு இது. காதலியை விட்டுக் கிளம்பியவன் காரில் போய்க்கொண்டே, இந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறான். அதுவும் 3 நிமிடத்துக்குள் முடிகிற சமாசாரம். ஹேஸ் ரேடியோவில் கேட்டு மயங்கி, மெம்ஃபிஸில் டிக்கி கிளப் என்ற இடத்தில் பார்-கேஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையேறிப் பாடப் போனார். அங்கே வந்தவர்கள் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் காது கொடுக்கிற மாதிரி இல்லை. ஒரே கார்டை (சுரக்கூட்டை) பிடித்துக்கொண்டே நில்லுங்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டு, பாடாமல் பேச ஆரம்பித்தார். அந்த ஆண் யார், எங்கிருந்து வந்தான், அவளை எப்படிக் காதலித்தான், அவள் என்ன செய்தாள் என்று பாட்டில் இல்லாத முன்கதையைத் தானே கட்டிச் சொன்னார். பேச்சுச் சத்தம் அடங்கியது. பாட்டைத் தொடும்போது கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம்.

தட்டிலும் அதே முறைதான். ஆர்கனில் ஒரே சுரக்கூட்டு, அடியில் பேஸின் ஒற்றைத் துடிப்பு, சிம்பலில் லேசான தட்டல். அதன்மேல் 8 நிமிடத்துக்கும் மேலாக ஹேஸ் பேசுகிறார். எழுதியவர் ஜிம் வெப் என்று மரியாதையாகப் பெயர் சொல்கிறார், இதை நம்ம பேட்டைக்குக் கொண்டுவந்து பாடப்போகிறேன் என்கிறார், ஏழு தடவை அவளை விட்டுப் போய் ஏழு தடவையும் திரும்பி வந்தவனின் கதையை அவிழ்க்கிறார். நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். சுருதிப்பெட்டி நின்று ஒலிக்க, பாகவதர் கதை சொல்லிக் கதை சொல்லிக் கடைசியில் பாட்டில் போய் இறங்குவாரே, அந்தக் காலட்சேபத்துக்குப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே படாது. ஹேஸுக்கு அது வந்த வழி கறுப்பினத் தேவாலயத்துப் பிரசங்கம். அங்கேயும் பாஸ்டர் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் பேச்சே பாட்டாக மாறும்.

மொத்தம் 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும் இந்தப் பாட்டு, கடைசிச் சில நிமிடங்களில் டிரம்பெட், வயலின், டிரம்ஸ் என்று எல்லாமாகப் பொங்கி எழும். அந்தப் பெண்ணை மட்டுமே குற்றவாளியாக்கும் கதை இன்று கேட்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவு செய்தது ஸ்டாக்ஸ் தியேட்டரில் இல்லை, மெம்ஃபிஸிலேயே இருந்த ஆர்டென்ட் ஸ்டுடியோவில். வாசித்தது, விபத்துக்குப் பின் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் புது ஆட்களைச் சேர்த்து மறுபடி எழுப்பிய பார்-கேஸ். டிரம்ஸில் இருந்த வில்லி ஹாலுக்கு இன்னும் 20 வயது நிரம்பவில்லை. வயலின்களையும் டிரம்பெட்களையும் டெட்ராய்ட் நகரில் ஜானி ஆலன் அமைத்துப் பின்னால் சேர்த்தார். மெம்ஃபிஸின் சொரசொரப்பும் டெட்ராய்ட்டின் பளபளப்பும் ஒரே தட்டில் இருப்பதன் காரணம் இதுதான்.

தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் சோல், ஜாஸ், பாப் என்று பல பட்டியல்களில் ஒரே நேரத்தில் ஏறியது. ரேடியோவுக்காக ‘வாக் ஆன் பை’, ‘ஃபீனிக்ஸ்’ இரண்டையும் வெட்டிச் சின்னத் தட்டாகவும் விட்டார்கள், அவையும் ஓடின. ஆனால் மக்கள் தேடி வாங்கியது எல்.பி.யைத்தான். கறுப்பினத்தார் ஆல்பம் வாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அத்தோடு காலி. மார்வின் கே 1971இல் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்று ஒரு முழு ஆல்பத்தையே ஒரே பேச்சாகச் செய்ததற்கும், டெம்ப்டேஷன்ஸ் 1972இல் குரல் வருவதற்கு முன் ஏறக்குறைய 4 நிமிடம் வெறும் வாத்தியம் ஓடும் பாட்டைத் தந்ததற்கும் இந்தத் தட்டு மட்டுமே காரணம் என்றால் அது மிகை. அவரவருக்கு அவரவர் பிடிவாதம் இருந்தது. ஆனால், இப்படிச் செய்தால் விற்குமா என்று கேட்ட முதலாளிகளுக்குக் காட்ட ஒரு கணக்கு கையில் இருந்தது.

பேசிப் பாடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டவர்களில் பெரிய பெயர் பாரி ஒயிட். 1973 முதல் அவர் அந்தத் தடித்த குரலில் காதில் கிசுகிசுத்தே கோடீஸ்வரரானார். ஹேஸே தன் பாணியைப் பிடித்துக்கொண்டு, பின்வந்த ஆல்பங்களில் ‘ஐக்ஸ் ராப்’ என்ற பெயரிலேயே பேச்சுத் துண்டுகளை வைத்தார். ராப் என்ற சொல்லுக்கு அப்போது பேச்சு, அரட்டை என்றுதான் பொருள். 1971இல் ‘ஷாஃப்ட்’ படத்துக்கு இசையமைத்து, அதன் தலைப்புப் பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கினார். சிறந்த பாடலுக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நீட்டத் தெரியாதவர்களும் நீட்டினார்கள் என்பது இந்தச் செல்வாக்கின் இன்னொரு பக்கம். எழுபதுகளில் 10 நிமிடம் ஓடும் எத்தனையோ சோல் பாட்டுகள் வெறும் சவ்வு.

இனி அந்தப் பியானோ. இந்தத் தட்டு இன்றும் உயிரோடு இருப்பதற்குப் பெரிய காரணம் சோல் பாடகர்கள் இல்லை, ஹிப்-ஹாப்காரர்கள். எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டி.ஜே. ஹெர்க் போன்றவர்கள், தட்டில் குரல் இல்லாமல் தாளம் மட்டும் ஓடும் துண்டைத் தேடிப்பிடித்து, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த இடத்தையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். எண்பதுகளில் அதற்கு, ஒலித் துண்டைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் சாம்பிளர் என்ற மெஷின் வந்தது. 1987இல் வந்த எஸ்.பி.-1200 என்ற மெஷினில் மொத்தமே 10 வினாடி இசையைத்தான் பிடித்து வைக்க முடியும். அதனால் 33 சுற்றுத் தட்டை 45இல் வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்து, மெஷினுக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். இடமும் மிச்சம், ஒலிக்கும் ஒரு மணல் படிந்த கரகரப்பு வரும்.

இப்படித் துண்டு தேடுபவனுக்கு 3 நிமிடப் பாட்டு பெரும்பாலும் உதவாது. அதில் மூச்சுவிட இடமிருக்காது, எங்கே வெட்டினாலும் குரல் சிக்கும். ஹேஸோ நிமிடக்கணக்கில் வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறார். மெதுவான தாளம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும், குரல் இல்லை. தெரியாமலேயே அடுத்த தலைமுறைக்குக் காலி மனை விட்டுவைத்த மாதிரி.

1988இல் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவினர் அந்த வாய்க்குள் நுழையாத பெயருள்ள பாட்டின் பியானோத் துண்டை எடுத்து, ‘பிளாக் ஸ்டீல் இன் த அவர் ஆஃப் கேயாஸ்’ பாட்டில் சுழலவிட்டார்கள். ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவன் தப்பிக்கும் கதை அது. ஹேஸ் குஷியாக வாசித்த அதே சுரங்கள், சுற்றிச் சுற்றி வரும்போது சிறை மணி மாதிரி மிரட்டும். ‘வாக் ஆன் பை’யை 1994இல் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. எடுத்தார், 1995இல் இன்னொரு ராப் பாடகர் டூபாக் எடுத்தார். பரம வைரிகளாகப் பேசப்பட்ட இருவருக்கும் அடியில் ஓடுவது ஒரே தட்டு. 1996இல் பெல்ஜியத்தின் ஹூவர்ஃபோனிக், 2016இல் பியான்சே. 2000இல் வூ-டாங் கிளான் என்ற ராப் குழு எடுத்தபோது ஹேஸே நேரில் வந்து பாடிக்கொடுத்தார்.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஹேஸின் 1971 ஆல்பம் ‘பிளாக் மோசஸ்’இல் இருக்கும் ‘ஐக்ஸ் ராப் 2’இன் அதே துண்டை அந்த ஊர்க் குழு போர்ட்டிஸ்ஹெட் 1994இலும் பாடகர் ட்ரிக்கி 1995இலும் எடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே துண்டு, இரண்டு பாட்டு, இரண்டுமே அந்த ஊர் இசைக்கு முகவரியானவை. ‘ஹாட் பட்டர்ட் சோல்’ இல்லையென்றால் அந்தப் பேச்சுத் துண்டும் பிறந்திருக்காது.

பணம் யாருக்குப் போனது என்று கேட்டால் மனசு கசக்கும். ஸ்டாக்ஸ் 1975 கடைசியில் திவாலானது, 1976இல் ஹேஸும் திவாலானார். அதுவரை எழுதிய பாட்டுகளின் வருமான உரிமை கைவிட்டுப் போனது. 2008இல் அவர் இறந்தார். இன்னொரு செய்தியும் உண்டு: விபத்தில் இறந்த பார்-கேஸ் சாக்ஸபோன்காரர் ஃபாலன் ஜோன்ஸின் பெயரைத்தான் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் தன் மகனுக்கு வைத்தார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஜாஸி ஃபே (Jazze Pha) என்ற பெயரில் பிரபலமான ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்.

சரி, வாங்கலாமா? வாங்குங்கள், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். 1969இன் முதல் பதிப்பு ஸ்டாக்ஸின் துணை லேபிளான என்டர்பிரைஸ் பெயரில், இ.என்.எஸ்.-1001 என்ற எண்ணோடு வந்தது. பிற்பாடு பலமுறை மறுபதிப்பு வந்திருக்கிறது, நன்றாக இருந்தால் அதுவே போதும். எதுவானாலும் கடைக்காரரிடம் முதல் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசி 4 நிமிடத்தில் ஊசியை வைக்கச் சொல்லுங்கள். தட்டு ஒரே சீராகத்தான் சுற்றுகிறது, ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறுத்து, ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் விளிம்பில் இருப்பதில் பாதிக்கும் கீழே போய்விடும். ஒலி கலங்குவது அங்கேதான். இந்தத் தட்டில் அந்தப் பக்கம் 24 நிமிடத்தை ஒட்டி ஓடுவதால் பள்ளங்களும் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். போதாததற்கு, ‘ஃபீனிக்ஸ்’ பொங்கி எழும் அந்த உச்சம் சரியாக அந்த மோசமான இடத்தில் வந்து விழுகிறது. முன்பு ஒரு கடையில் மேலோட்டமாகப் பார்த்து, கீறலே இல்லை என்று நான் வாங்கிவந்த பிரதியில், தேய்ந்த ஊசி வைத்து யாரோ ஆயிரம் தடவை அந்த உச்சத்தையே கேட்டிருந்தார்கள். டிரம்பெட் எல்லாம் தகரத்தை இழுப்பது போல் இருந்தது. உங்கள் பிரதியில் அந்த 4 நிமிடம் சுத்தமாக வந்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.